அரை மணி நேர உலகம்

1962 அக்டோபர். கியூபா நெருக்கடி உச்சத்தில் இருக்கிறது. வாஷிங்டனில் சோவியத் தூதர் அனதோலி தொப்ரீனின், அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியை ரகசியமாகச் சந்தித்துப் பேசிவிட்டுத் தூதரகத்துக்குத் திரும்புகிறார். பேசியதை உடனே மாஸ்கோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஊழியர்கள் அதைச் சங்கேத எண்களாக மாற்றி எழுதுகிறார்கள். அடுத்து வெஸ்டர்ன் யூனியன் தந்தி அலுவலகத்துக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொல்கிறார்கள். இளைஞர் ஒருவர் சைக்கிளில் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார். வழியில் ஏதாவது பெண்பிள்ளையோடு நின்று அரட்டை அடிக்காமல் இவன் நேராகத் தந்தி ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை எனப் பின்னாளில் தொப்ரீனின் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

உலகத்தைச் சாம்பலாக்கும் ஆயுதங்களைக் கையில் வைத்திருந்த இரண்டு அரசுகள், அவசரத்துக்கு நம்பியிருந்தது ஒரு சைக்கிளை. மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர் குருஷ்சேவ் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று வாஷிங்டனில் முழுதாகக் கைக்கு வந்து, பிரித்து, மொழிபெயர்த்துப் படிக்கப்படக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது. ஏவுகணை போய் விழ ஆகும் நேரமோ அரை மணி.

வல்லரசுகளின் போட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாரிடம் எத்தனை குண்டு என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் 1945 முதல் இன்றுவரை நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், உலகத்தைக் குலைநடுங்க வைத்த தருணங்கள் குண்டுகள் கூடிய தருணங்களாக இல்லை; யோசிப்பதற்கான நேரம் குறைந்த தருணங்களாகத்தான் இருக்கின்றன. எனவே இந்தக் கட்டுரையில் மெகா டன்னைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நிமிடங்களை எண்ணிப் பார்க்கலாம்.

ஆறு மணி நேரம், பிறகு அரை மணி

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்குக் குண்டு சுமந்து போன எனோலா கே விமானம், டினியன் தீவிலிருந்து புறப்பட்டு இலக்கை அடைய ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நான்கு வருடத்தில், 1949 ஆகஸ்ட் 29 அன்று, கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் வெளியில் சோவியத் யூனியனும் தன் முதல் அணுகுண்டை வெடித்துவிட்டது. 1952-ல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுக்குப் போனது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் வெடித்த ‘காசில் பிராவோ’ குண்டின் வலிமை 15 மெகா டன். விஞ்ஞானிகள் போட்டிருந்த கணக்கைப்போல் இரண்டரை மடங்கு. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் கதிரியக்கச் சாம்பல் பனிபோலப் பெய்து, அதிலிருந்த 23 பேரையும் நோயில் தள்ளியது. அடுத்த மாதமே, ஏப்ரல் 2 அன்று, நாடாளுமன்றத்தில் நேரு எழுந்து, முழு ஒப்பந்தம் வரும்வரை சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார். யாரும் நிறுத்தவில்லை. 1961 அக்டோபர் 30 அன்று நோவயா செம்லியா தீவுக்கு மேலே சோவியத் வெடித்த குண்டு 50 மெகா டன். ஹிரோஷிமா குண்டைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

அவ்வளவு பெரிய குண்டால் ராணுவத்துக்குப் பெரிய பயன் ஒன்றும் இல்லை. காட்டுவதற்காகச் செய்தது. ஒரு நகரத்தை அழிக்கப் பதினைந்து கிலோ டன்னே போதும் என்பதை ஹிரோஷிமா ஏற்கெனவே காட்டிவிட்டது.

உண்மையான மாற்றம் 1957-ல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக்கைச் சுமந்து போன ஆர்-7 ராக்கெட், செயற்கைக்கோளுக்காகச் செய்யப்பட்டது இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அது. உலகமே ஸ்புட்னிக்கின் ‘பீப் பீப்’ ஒலியைக் கேட்டு வியந்தபோது, அமெரிக்க ராணுவத் தலைமையகம் அதைத் தூக்கிப்போன வண்டியைப் பார்த்துக் கலங்கியது. குண்டுவீச்சு விமானம் இலக்கை அடையப் பல மணி நேரம் ஆகும். நடுவழியில் மனம் மாறினால் திரும்பக் கூப்பிடலாம். ஏவுகணைக்கு அரை மணி நேரம்தான், கிளம்பினால் கிளம்பியதுதான்.

அந்த அரை மணி முழுவதும் அதிபருக்குக் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். செயற்கைக்கோளும் ரேடாரும் பார்த்து, சரிபார்த்து, படிப்படியாக மேலே சொல்லி, தூங்கிக்கொண்டிருக்கும் தலைவரை எழுப்பி, பதில் தாக்குதலுக்கான உத்தரவு தன் ஏவுதளங்களைச் சென்றடையவும் நேரம் ஒதுக்கினால், நடுவில் அவர் யோசிக்கப் பத்து நிமிடம் மிஞ்சினாலே அதிகம். கடற்கரைக்கு அருகில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் மொத்த நேரமே பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

பதின்மூன்று நாள் என்ற ஆடம்பரம்

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் கியூபா நெருக்கடி வேறு மாதிரித் தெரியும். அது ஏன் போரில் முடியவில்லை என்ற கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது, அவர்களுக்குப் பதின்மூன்று நாள் கிடைத்தது என்பதுதான். அக்டோபர் 14 அன்று அமெரிக்க யு-2 உளவு விமானம் கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்களை எடுத்த படங்கள் 16-ம் தேதி காலை அதிபர் கென்னடியின் மேசைக்கு வருகின்றன. அன்று அவருடைய ஆலோசகர்களில் பெரும்பாலானவர்களின் முதல் யோசனை, விமானங்களை அனுப்பி அந்தத் தளங்களை அடித்து நொறுக்குவது. விஷயம் வெளியே தெரியாமல் ஆறு நாள் அடைத்த கதவுக்குள் பேசினார்கள். பேசப்பேச வேகம் தணிந்தது. 22-ம் தேதி இரவு தொலைக்காட்சியில் கென்னடி அறிவித்தது கடல் முற்றுகையைத்தான்.

முதல் நாளே முடிவெடுத்திருந்தால்? கியூபாவில் 40,000-க்கும் மேற்பட்ட சோவியத் படையினர் இருந்தார்கள். அமெரிக்க உளவுத்துறை அதில் ஒரு சிறு பங்கைத்தான் கணக்கிட்டிருந்தது. போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய ரக அணு ஆயுதங்களும் அந்தத் தீவில் தயாராக இருந்தன. அது அமெரிக்கர்களுக்குத் தெளிவாகத் தெரியவந்தது முப்பது வருடம் கழித்து, 1992-ல் ஹவானாவில் பழைய எதிரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியபோது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா அதைக் கேட்டு அதிர்ந்துபோனார்.

ஆனால் தலைவர்கள் நிதானமாக இருந்தால் போதாது. அவர்களுக்கே தெரியாத இடங்களில் வேறு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்டோபர் 25 நள்ளிரவை ஒட்டி, மினசோட்டாவின் டுலூத் ராணுவ மையத்தில் யாரோ வேலி ஏறுவதைப் பார்த்த காவலாளி சுட்டுவிட்டு நாசவேலை எச்சரிக்கை மணியை அடித்தார். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் உள்ள வோக் விமானத் தளத்தில் தவறான கம்பி இணைப்பால் வேறு மணி ஒலித்தது: போர் விமானங்கள் கிளம்பட்டும் என்ற மணி. அணு ஆயுதம் பொருத்திய விமானங்களில் விமானிகள் ஏறி ஓடுபாதைக்கு வந்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஓர் அதிகாரி காரை ஓட்டிக்கொண்டு போய் விளக்கைக் காட்டி நிறுத்தினார். வேலி ஏறியது ஒரு கரடி.

27-ம் தேதி சனிக்கிழமை இன்னும் மோசம். கியூபாவுக்கு மேலே ஒரு யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி இறந்தார். அதே நாளில், வட துருவத்துக்குப் போய் காற்று மாதிரி எடுத்துவரப் புறப்பட்ட இன்னொரு யு-2, துருவ ஒளியில் நட்சத்திரங்கள் தெரியாமல் வழி தவறி சோவியத் எல்லைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதைப் பிடிக்க மிக் விமானங்கள் எழும்பின. அதைக் காப்பாற்ற அலாஸ்காவிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்களில் இருந்தவை அணு ஏவுகணைகள். செய்தி கேட்ட கென்னடி, எப்போதும் எவனாவது ஒருவனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேருவதில்லை என்று கசப்பாகச் சொன்னார்.

அன்று மாலையே கியூபா அருகே கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, உள்ளே அனல், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே அமெரிக்கக் கப்பல்கள் அதை வெளியே வரவைக்கப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அந்த நீர்மூழ்கியில் அணு முனை பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. மேலே போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் சவீட்ஸ்கி டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், அதே கப்பலில் தற்செயலாக இருந்த படைப்பிரிவின் தலைமை அதிகாரி வசீலி அர்க்கிப்போவ் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் கப்பலில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். யார் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதில் சாட்சிகளுக்குள் வேறுபாடு உண்டு. நீர்மூழ்கி மேலே வந்தது என்பதில் வேறுபாடு இல்லை. முந்தைய ஆண்டு கே-19 நீர்மூழ்கியில் அணு உலை விபத்தை நேரில் பார்த்தவர் அர்க்கிப்போவ். கதிர்வீச்சு மனிதர்களை என்ன செய்யும் என்று அந்தக் கப்பலில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம். நெருக்கடிக்குச் சில வாரங்கள் முன்பு, 1962 செப்டம்பர் இறுதியில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு ராஜாஜி வெள்ளை மாளிகைக்குப் போய் கென்னடியைச் சந்தித்தார். வயது 83. அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. உள்நாட்டில் நேருவோடு எல்லாவற்றிலும் மோதிக்கொண்டிருந்தவர், இந்த ஒரு விஷயத்தில் நேருவின் பக்கம் நின்றார். வளிமண்டலத்திலும் விண்ணிலும் நீருக்கடியிலும் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்குக் காரணம் ராஜாஜி என்று சொன்னால் அது ஊர்ப்பாசம். கியூபாவில் கிடைத்த பயம்தான் காரணம்.

அந்தப் பயத்தின் இன்னொரு பலன் ஹாட்லைன். 1963 ஆகஸ்ட் 30 முதல் இயங்கியது. சினிமாவில் காட்டுவதுபோல் மேசைமேல் சிவப்புத் தொலைபேசி எதுவும் கிடையாது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக இரண்டு தலைநகரங்களையும் இணைத்த டெலிபிரின்டர் அது. குரலில் பேசினால் கோபம் வரும், மொழிபெயர்ப்பில் தவறு வரும் என்று யோசித்து எழுத்தாகவே வைத்தார்கள். எழுதும்போது ஒரு கணம் நிற்கலாம் என்ற நுட்பத்தைப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

நிலா, டேப், சில்லறைக் காசுச் சில்லு

ஏவுகணையை வேகமாகக் கண்டுபிடிக்க இயந்திரங்களை நிறுவினார்கள். இயந்திரங்கள் கண்டுபிடித்தவற்றில் சில: 1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தின் தூலேவில் புதிதாக அமைத்த ரேடார், நார்வேக்கு மேலே எழுந்துகொண்டிருந்த நிலாவைப் பார்த்து ஏவுகணைப் படை வருகிறது என்றது. குருஷ்சேவ் எங்கே இருக்கிறார் என்று ஓர் அதிகாரி கேட்டார். நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்தில். சொந்தத் தலைவர் இருக்கும் ஊரின்மேல் யாரும் குண்டு போட மாட்டார்கள் என்று மனிதர்கள் ஆறுதல் அடைந்தார்கள்.

1979 நவம்பர் 9 அன்று வட அமெரிக்க வான் பாதுகாப்பு மையமான நோராடின் திரைகளில் சோவியத்தின் முழு அளவிலான தாக்குதல் தெரிந்தது. போர் விமானங்கள் கிளம்பின. பயிற்சிக்கு வைத்திருந்த டேப்பின் போர்க் காட்சி, உண்மையான எச்சரிக்கை அமைப்புக்குள் புகுந்துவிட்டதுதான் காரணம். அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று மறுபடியும். இந்த முறை திரையில் பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் எண்கள் மாறிமாறி வந்தன: 2 ஏவுகணை, 200 ஏவுகணை, 220 ஏவுகணை. குண்டுவீச்சு விமானங்களில் விமானிகள் என்ஜினை முடுக்கிவிட்டார்கள். பழுதானது 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு.

அந்தக் காலகட்டத்தில் ஓர் இரவு, அதிபர் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கிக்கு இப்படி ஒரு போன் வந்தது. ஏவுகணைகள் வருகின்றன, உறுதிசெய்ததும் மறுபடி அழைக்கிறோம். பக்கத்தில் மனைவி தூங்குகிறார். எல்லோரும் இன்னும் அரை மணியில் இறந்துவிடப் போகிறோமே, எழுப்பி என்ன ஆகப்போகிறது என்று அவர் எழுப்பவில்லை. அதிபரை அழைக்கப்போகும் நேரத்தில் மூன்றாவது போன் வந்தது: பொய் எச்சரிக்கை.

1983: பயந்தவர்களின் ஆண்டு

கியூபாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1983 பற்றி அந்த அளவுக்குத் தெரியாததற்குக் காரணம், அந்த ஆண்டின் அபாயம் நடந்துகொண்டிருந்தபோது அதில் இருந்தவர்களுக்கே பாதி தெரியாது என்பதுதான்.

பின்னணி இதுதான். 1970-களின் நடுவிலிருந்து சோவியத், எஸ்.எஸ்-20 என்ற நடுத்தரத் தூர ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவைக் குறிவைத்து நிறுத்தத் தொடங்கியது. பதிலாக மேற்கு ஜெர்மனியில் பெர்ஷிங்-2 ஏவுகணைகளை நிறுத்த நேட்டோ முடிவெடுத்தது. அவை சோவியத்தின் மேற்குப் பகுதியை எட்டு நிமிடங்களுக்குள் தாக்கிவிடும் என்பது மாஸ்கோவின் கணக்கு. மாஸ்கோ நகரம் வரை அந்த ஏவுகணை எட்டாது என்றது அமெரிக்கா, மாஸ்கோ நம்பவில்லை. நம்பாதவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டி என்ன பயன்? முதல் அடியிலேயே தலைமை முழுக்கச் செத்துப்போகும், பதிலடி கொடுக்க ஆளே இருக்காது என்ற கிலி கிரெம்ளினில் பரவியது.

அந்தக் கிலி புதியதும் இல்லை. 1981 மே மாதமே, கே.ஜி.பி. தலைவராக இருந்த யூரி ஆந்த்ரோபோவ், அமெரிக்கா திடீர் அணுத் தாக்குதலுக்குத் தயாராகிறதா என்று உலகம் முழுக்கக் கண்காணிக்க ‘ரியான்’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியிருந்தார். லண்டனில் இருந்த உளவாளிகளுக்கு வந்த வேலைப் பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தில் இரவு எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது? வாசலில் எத்தனை கார்கள்? ரத்த வங்கிகள் ரத்தத்துக்குக் கொடுக்கும் விலை ஏறுகிறதா? பிரிட்டனில் ரத்ததானத்துக்குக் காசே கிடையாது என்பது மாஸ்கோவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. லண்டனில் கே.ஜி.பி.யில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் செய்தி கொடுத்துவந்த ஒலெக் கோர்டியெவ்ஸ்கி பிற்பாடு சொன்னது முக்கியமானது: தாக்குதல் வரும் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் மேலிடம் கேட்கிறதே என்று அறிகுறிகளைத் தேடித்தேடி அனுப்பினார்கள். தான் கேட்டதே திரும்பி வருவதைப் பார்த்து மேலிடம் இன்னும் பயந்தது. தாசில்தார் அலுவலகம் முதல் தலைமைச் செயலகம் வரை கோப்பு எழுதிப் பழகிய யாருக்கும் இந்த வியாதி புரியும்.

1982 நவம்பரில் பிரெஷ்னேவ் இறந்து ஆந்த்ரோபோவே நாட்டின் தலைவரானார். சில மாதங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தார். 1983 மார்ச் 8 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத்தைத் தீய சாம்ராஜ்யம் என்று அழைத்தார். அதே மாதம் 23 அன்று விண்வெளியிலிருந்தே ஏவுகணைகளைத் தடுக்கும் ‘ஸ்டார் வார்ஸ்’ திட்டத்தை அறிவித்தார். கேடயம் செய்கிறோம் என்றார் ரீகன். கேடயம் கிடைத்தவன் தைரியமாக வாளை வீசுவான் என்று கேட்டது மாஸ்கோவுக்கு.

செப்டம்பர் 1. ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போன கொரிய பயணிகள் விமானம் 007 பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் பறந்தது. சகாலின் தீவருகே சு-15 போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அமெரிக்க எம்.பி. ஒருவரும் அதில் அடக்கம். உளவு விமானம் என்று நினைத்தோம் என்றது மாஸ்கோ. நாங்கள் சுடவே இல்லை என்றுதான் முதலில் சொன்னது.

அது நடந்து மூன்றரை வாரம். செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த சில நிமிடங்கள். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற ரகசிய மையத்தில் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், 44 வயது. அடிப்படையில் அவர் பொறியாளர்; அந்தக் கண்காணிப்பு அமைப்பின் குறைகளை உள்ளிருந்து அறிந்தவர். சங்கு ஊதுகிறது. திரையில் சிவப்பு எழுத்து: ஏவப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை. கணினி நம்பகத்தன்மை மிக உயர்வு என்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்று. மொத்தம் ஐந்து.

அவர் கையில் பொத்தான் எதுவும் இல்லை. மேலே சொல்லவேண்டியதுதான் அவர் வேலை. உண்மை என்று அவர் சொல்லியிருந்தால், மூன்று வாரத்துக்கு முன்தான் பயணிகள் விமானத்தைச் சுட்ட ஒரு ராணுவமும், படுக்கையில் கிடந்த ஒரு தலைவரும் சில நிமிடங்களில் முடிவெடுக்கவேண்டி வந்திருக்கும். பெத்ரோவ் யோசித்தது எளிமையானது. உலகப்போரைத் தொடங்குகிறவன் ஐந்து ஏவுகணையோடு தொடங்குவானா? தரை ரேடார்களில் எதுவும் தெரியவில்லை. செயற்கைக்கோள் அமைப்போ புதியது, அவசரமாக இயக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, பொய் எச்சரிக்கை என்று அறிக்கை செய்தார். அவருக்கும் உறுதியாகத் தெரியாது; பாதிக்குப் பாதிதான் என்று பல பேட்டிகளில் சொன்னார். காரணம் பிறகு தெரிந்தது: ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உயர மேகங்களின்மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையின் தீப்பிழம்பாக எடுத்துக்கொண்டது.

அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் பதிவேட்டில் குறிப்பு எழுதாமல் விட்டது ஏன் என்று விசாரித்தார்கள். பத்து வருடம் யாருக்கும் தெரியாது. 2017 மே மாதம் மாஸ்கோ அருகே தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் இறந்தார். அந்தச் செய்தியும் உலகத்துக்கு எட்டச் சில மாதங்கள் ஆயின.

இதோடு அந்த ஆண்டு முடியவில்லை. நவம்பரில் நேட்டோ ‘ஏபிள் ஆர்ச்சர் 83’ என்ற ஒத்திகையை நடத்தியது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு வாங்கும் நடைமுறையைப் பழகிப்பார்க்கும் வருடாந்திர ஒத்திகைதான். ஆனால் இந்த முறை புதிய சங்கேத முறை, வானொலி மௌனம் என்று உண்மைக்கு நெருக்கமாகப் பல மாற்றங்கள். அதற்கு முந்தைய வாரங்களில் பெய்ரூட்டில் அமெரிக்கப் படை முகாம்மீது நடந்த குண்டுவெடிப்பால் அமெரிக்கத் தளங்கள் ஏற்கெனவே உஷார் நிலையில் இருந்தன. கிரெனடா தீவுக்குள் அமெரிக்கா படையை இறக்கியதால் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ரகசியச் செய்திகள் பறந்துகொண்டிருந்தன. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறிகுறி தேடியவர்களுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் இருந்த சோவியத் விமானப் பிரிவுகள் அணு ஆயுதம் ஏற்றித் தயார் நிலைக்குப் போயின.

இதை ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் கவனித்தவர் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க விமானப்படையின் உளவுப் பிரிவுத் தலைவர் லெனார்ட் பெரூட்ஸ். அவர்கள் உஷார்நிலையை உயர்த்தினால் நாமும் உயர்த்தவேண்டும் என்பது வழக்கம். பெரூட்ஸ், வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்று தன் மேலதிகாரிக்கு யோசனை சொன்னார். பதிலுக்குப் பதில் என்ற படிக்கட்டு அங்கேயே நின்றது. 1990-ல் எழுதப்பட்டு 2015-ல் வெளியான அமெரிக்க அரசின் ரகசிய ஆய்வறிக்கை, முழுத் தகவல் இல்லாமல் எடுத்த அந்த முடிவு அதிர்ஷ்டவசமாகச் சரியாக அமைந்தது என்கிறது. உண்மையிலேயே போருக்கு எவ்வளவு அருகில் போனோம் என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்குள் இன்றும் கடும் சண்டை நடக்கிறது. சோவியத் தலைமை அவ்வளவு பயப்படவில்லை, எல்லாம் பிரசாரம் என்கிறவர்களும் உண்டு. நாற்பது வருடம் ஆவணங்களைத் துருவியும் தீராத விஷயத்தை அன்று பெரூட்ஸ் ஒரே இரவில் எடைபோட வேண்டியிருந்தது.

ரீகன் திரும்பிய கதை

எதிரி தன்னைப் பார்த்து நிஜமாகவே நடுங்குகிறான் என்பது ரீகனுக்குப் பெரிய அதிர்ச்சி. நாம் நல்லவர்கள், நம்மைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்று பல வருடம் நம்பிவந்த மனிதர் அவர். கோர்டியெவ்ஸ்கி கொடுத்த தகவல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் வழியாகவும் உளவுத்துறை வழியாகவும் அவரை எட்டியது. அதே இலையுதிர் காலத்தில், அணுப்போருக்குப் பின்னான கான்சாஸைக் காட்டும் ‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தை ஒளிபரப்புக்கு முன்பே பார்த்து மனம் சோர்ந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதினார். நடிகராக இருந்தவரைச் சினிமா மாற்றியது வியப்பில்லை. 1984 ஜனவரியில் அவர் பேச்சின் சுருதி மாறியது. ஆனால் பேச ஆள் வேண்டுமே: ஆந்த்ரோபோவ் பிப்ரவரியில் இறந்தார், அடுத்து வந்த செர்னென்கோ ஓராண்டில் இறந்தார். 1985-ல் கோர்பச்சேவ் வந்தார். மறு ஆண்டு ரேக்யவிக்கில் இருவரும் எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிப்பது வரை பேசி, ‘ஸ்டார் வார்ஸ்’ விஷயத்தில் முறித்துக்கொண்டு எழுந்தார்கள்.

1987 டிசம்பர் 8 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை அடியோடு ஒழித்தது. இருவரிடமும் சேர்த்து 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. அப்போது உலகில் இருந்த சுமார் 70,000 அணு ஆயுதங்களோடு ஒப்பிட்டால் இது சின்னப் பங்கு. ஆனால் போனவை எஸ்.எஸ்-20-ம் பெர்ஷிங்-2-ம், தலைவர்களின் யோசிக்கும் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தவை. அதனால்தான் பனிப்போரின் ஒப்பந்தங்களிலேயே இதை முதலிடத்தில் வைப்பேன்.

நேரம் போதாது என்ற பயத்துக்கு சோவியத் ராணுவம் தானாக ஒரு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தது. ‘பெரிமீட்டர்’ என்று பெயர். தலைமை அழிந்து தொடர்பெல்லாம் அறுந்தால், நிலத்தடி அறையில் இருக்கும் சில அதிகாரிகள் ஒரு கட்டளை ராக்கெட்டை ஏவலாம். அது பறந்துகொண்டே மற்ற ஏவுகணைகளுக்கு உத்தரவு ஒலிபரப்பும். 1985-ல் பணிக்கு வந்தது. பதிலடி உறுதி என்று தெரிந்தால் தலைவர் அவசரப்படமாட்டார் என்பது அதன் தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அச்சுறுத்திப் பயன்பெற வேண்டிய அந்த அமைப்பை ஏன் ரகசியமாக வைத்தார்கள் என்பதுதான் இன்றுவரை புரியாத புதிர்.

பனிப்போர் முடிந்தும் வியாதி தீரவில்லை. 1995 ஜனவரி 25 அன்று நார்வேயின் ஆன்டோயாவிலிருந்து துருவ ஒளியை ஆராயக் கிளம்பிய ராக்கெட்டை, ரஷ்ய ரேடார் நீர்மூழ்கி ஏவுகணையாகப் பார்த்தது. அதிபர் எல்ட்சினின், அணுத் தாக்குதலுக்கு உத்தரவிடும் பெட்டி திறக்கப்பட்டது. நார்வே முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தது. மாஸ்கோவின் ஏதோ ஓர் அலுவலகத்தில் அது தங்கிவிட்டது. ரேடார் ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கழன்றுபோன திருகுகள்

1987 ஒப்பந்தத்திலிருந்து, ரஷ்யா மீறுகிறது என்று குற்றம் சாட்டி, 2019 ஆகஸ்டில் அமெரிக்கா விலகியது. ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளுக்கு வரம்பு வைத்த 1972 ஒப்பந்தத்தை அதற்கு முன்பே, 2002-ல், உதறியிருந்தது. மிஞ்சியது 2010-ல் ஒபாமாவும் மெத்வதேவும் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட். நிறுத்தப்பட்ட நீண்டதூர அணு முனைகள் ஆளுக்கு 1,550 என்று அது வரம்பு வைத்தது. செய்திகளில் அந்த எண்தான் வந்தது. பலர் கவனிக்காதது, அதன்படி இரு தரப்பும் பரிமாறிக்கொண்ட அறிவிப்புகள்: இந்த ஏவுகணையை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறோம், அந்த விமானம் பராமரிப்புக்குப் போகிறது என்பதுபோல 25,000-க்கும் மேல். பதறாமல் இருக்க உதவிய சலிப்பூட்டும் கடிதங்கள். 2023 பிப்ரவரியில் புதின் அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். 2026 பிப்ரவரி 5-உடன் அதன் காலமும் முடிந்தது.

2024 நவம்பர் 21 அன்று உக்ரைனின் தினீப்ரோ நகரின்மேல் ரஷ்யா ‘ஒரேஷ்னிக்’ என்ற நடுத்தரத் தூர ஏவுகணையை வீசியது. 1987 ஒப்பந்தம் உயிரோடு இருந்தால் இருக்கக்கூடாத ரகம். அணு முனையும் சுமக்கக்கூடியது, அன்று சுமக்கவில்லை. வீசுவதற்கு அரை மணி நேரம் முன்பு வாஷிங்டனுக்குத் தானியங்கி அறிவிப்பு போனது என்றார் கிரெம்ளினின் பேச்சாளர் பெஸ்கோவ். அந்த அறிவிப்பு போன வழி, 1987-ல் ரீகன் காலத்தில் ஒப்பந்தம் போட்டு இரு தலைநகரங்களிலும் அமைத்த அணு அபாயக் குறைப்பு மையங்கள். ஒரு போரின் நடுவிலும் அந்தக் கம்பி அறுபடாமல் இருக்கிறது. எல்லாம் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அமெரிக்கா, ரஷ்யா என்ற இருவர் கணக்கும் பழசாகிவிட்டது. உலகில் இன்று இருக்கும் சுமார் 12,000 அணு ஆயுதங்களில் பெரும்பங்கு அவர்களிடம்தான் என்றாலும், சீனா வேகமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அதனிடம் இவர்களுக்குள் இருந்ததுபோன்ற அறிவிப்புப் பழக்கம் மிகக் குறைவு.

நம் பக்கத்துக்கு வந்தால், அரை மணி நேரமே பெரிய வசதி என்று தோன்றும். டெல்லிக்கும் லாகூருக்கும் நடுவில் பசிபிக்கும் அட்லாண்டிக்கும் கிடையாது. 2022 மார்ச் 9 மாலை, வழக்கமான பராமரிப்பின்போது இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. எல்லை தாண்டியபின் அது வானில் இருந்தது சில நிமிடங்கள்தான். வெடிமுனை இல்லை, உயிரிழப்பு இல்லை. பாகிஸ்தான் எந்தப் பதிலடியும் கொடுக்கவில்லை. அங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார், என்ன நினைத்தார்கள் என்பது வெளியே வரவில்லை. விபத்து என்று இந்தியா வருத்தம் தெரிவித்தது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

இரு நாடுகளுக்கும் இடையே ராணுவத் தலைமை அதிகாரிகள் பேசிக்கொள்ள ஹாட்லைன் இருக்கிறது. 1988 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் போர் நடந்த காலத்தை ஒட்டியும் அது நிற்கவில்லை. ஏவுகணைச் சோதனைக்கு முன்பு ஒருவருக்கொருவர் தகவல் சொல்லவேண்டும் என்று 2005 அக்டோபரில் இன்னோர் ஒப்பந்தமும் போட்டார்கள். அது பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். பிரம்மோஸ் குரூஸ் ரகம். பாகிஸ்தானின் பாபரும் அதே ரகம். இரண்டும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன.